மடியில வாங்கி வச்சது

இல்லைன்னு சொல்லியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்குமேங்கற. முன்னபின்ன தெரியாத புள்ளைய ஒருத்தி எப்படி என் பேரன்னு சொல்லுவா, கதை விடுறேங்கற. நவநீதத்த உனக்குத் தெரியாது, அதான். ஆமாங்கறது அவளுக்கு ஒரு பதிலே கெடையாது, பேச்சு குடுக்குறவங்கள அனுப்பி வைக்கிற வார்த்த. ரேஷன் கடையில "போன மாசம் பருப்பு வாங்கிட்டீங்கல்ல"ன்னு கேட்டா ஆமாம்பா, வாங்கியிருக்க மாட்டா. பஸ் ஸ்டாப்புல யாராச்சும் "நீங்க கமலாவோட சித்திதான"ன்னு கேட்டா அதுக்கும் ஒரு ஆமா, அப்புறம் பத்து நிமிஷம் அந்தக் கமலாவோட முழங்கால் வலியப் பத்திக் கேட்டுக்கிட்டு நிப்பா, கமலா யாருன்னே தெரியாம. ஓசூர்ல இருக்கிற அவ மக கல்பனா, "எங்களுக்குக் கொழந்தையெல்லாம் வேணாம்மா, ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்"னு போன்ல சொன்னப்பவும் ஆமா ஆமான்னு கேட்டுட்டு, போன வச்சதுக்கு அப்புறம் ஒரு கிலோ வெங்காயத்தையும் உரிச்சு வச்சா, அன்னிக்கு வீட்டுல ரசம் மட்டுந்தான். அப்படிப்பட்டவகிட்ட ஓடுற பஸ்ல ஒருத்தி திரும்பி "பேரனா?"ன்னு கேட்டா வேற என்ன வரும். அது வாயிலேர்ந்து போனது அவளுக்கே தெரியாது. தெரிஞ்சப்ப பஸ் ரெண்டு ஸ்டாப்பு தாண்டிருச்சு.

அவ பிராட்வேல ஏறுனவ. கெல்லீஸ் பக்கத்துல ஒரு லேடீஸ் டெய்லர்கிட்ட காஜா எடுத்து பட்டன் கட்டுற வேல, இருபத்திரெண்டு வருஷமா. மாசத்துக்கு ஒரு தடவ பாரிஸ் கார்னர்ல போய் பட்டனும் நூலும் வாங்கிட்டு வரணும். பஸ் கெளம்புற எடத்துலயே ஏறுறதால ஜன்னல் சீட்டு கெடைக்கும், அது ஒண்ணுதான் அந்தப் பயணத்துல சொகம். ஆனா சீட்டு கெடைச்சவ மடி சும்மா இருக்காது, உனக்கே தெரியும். நிக்கிறவங்க பைய உக்காந்திருக்கவங்க வாங்கி வச்சுக்கணும், இந்த ஊர்ல அத யாரும் யாருக்கும் சொல்லித் தர்றதில்ல, கேக்குறதும் இல்ல, கை நீளும், கை வாங்கும். அவ மடியில எத்தனையோ வந்து போயிருக்கு. தூக்குவாளி, எக்ஸ்ரே கவரு, முப்பது முட்ட அடுக்குன அட்ட, ஒரு கல்யாண மாப்பிள்ளையோட தலப்பாகை. ஒரு தடவ ஒரு பெரியவர் பேப்பர்ல சுத்துன நீளமான பொட்டலம் ஒண்ணு குடுத்தாரு, மூங்கில் கழியோன்னு வச்சிருந்தா, எறங்குறப்ப பாத்தா முட்டிக்குக் கீழ மாட்டுற கட்டக் காலு, ஷூவோட. மூலக்கடை பஸ்ல ஒரு கட்டப்பைக்குள்ள சேவல் இருந்து, அது ஓட்டேரி வரைக்கும் ஒண்ணும் சொல்லாம வந்து, பாலத்துக்குக் கீழ இருட்டானதும் தூங்கிப்போயி, வெளிச்சத்துக்கு வந்ததும் விடிஞ்சுருச்சுன்னு கூவுச்சு, டிரைவரே பிரேக் போட்டுட்டாரு. எதுவும் தொலஞ்சதில்ல. அப்படித்தான் சென்ட்ரல்ல கூட்டம் ரயில்லேர்ந்து எறங்குன மூட்டையோட மேல விழுந்து ஏறுனப்ப, பக்கத்து சீட்டுக்காரி மடியில ரெண்டு ஸ்கூல் பை ஏற்கெனவே இருக்க, அந்த ரெண்டு பைக்கும் மேலால ஒரு கை நீண்டுச்சு, ஒரு வளையல், செவப்பு, "அக்கா கொஞ்சம் புடிங்கக்கா"ன்னு ஒரு கொரலு, அவளும் கை நீட்டுனா. வாங்குனதுக்கு அப்புறந்தான் கைக்கு வெது வெதுன்னு தெரிஞ்சுச்சு. பை இல்ல, புள்ள. மொட்டத்தல, அதுல காஞ்சு பொடியா உதிர்ற சந்தனம், நீலச் சட்ட, ஒம்பது பத்து மாசம் இருக்கும். தல நிமிந்து பாத்தா அந்தக் கை போயிருச்சு. நடுவுல நாலு முதுகு, ஒரு பெட்டி, ஒருத்தரோட அக்குள். பொதுவா குடுக்குறவங்க மொகத்த யார் பாக்குறா. பைதான நம்மகிட்ட இருக்கு, அவங்களே வந்து வாங்கிப்பாங்க.

புள்ள அழல. அது மொதல்ல அவளோட தாலிச் செயின்ல தொங்குற ஊக்கப் புடிச்சிக்கிச்சு. வேல செய்யறவ, எப்பவும் நாலு ஊக்கு தொங்கும். அந்த நாலையும் அந்தப் பிஞ்சுக் கை அப்படியே மூடிக்கிச்சு, எதாச்சும் ஒண்ணு தெறந்து குத்திருச்சுன்னா என்ன பண்றதுன்னு அவ ஒவ்வொரு விரலா எடுத்து விடுறா, அது திரும்பப் புடிக்குது, எடுத்து விடுறா, புடிக்குது. சந்தன வாசனையும் பால் வாசனையும் வேர்வையும் ஒண்ணா. தொட மேல அந்தக் கனம். பைக்குக் கனம் ஒரே மாதிரி இருக்கும், புள்ளைக்கு அப்படி இல்ல, மூச்சு விட விட கூடும் கொறையும். பெரியமேட்டுல ஸ்கூல் பைக்காரி பைகளக் குடுத்துட்டு எறங்கிட்டா, புள்ள கை மாறுனதப் பாத்த ஒரே ஆளு அவதான், எறங்கிட்டா. அந்த எடத்துல வந்து உக்காந்தவதான் பேபியம்மா. பெருத்த உடம்பு, வெத்தல வாய், கையில ஒரு பிளாஸ்க்கு. உக்காந்த ஒடனே தன்னப் பத்தி எல்லாம் சொல்லிட்டா, இருபது வருஷம் பிரசவ வார்டுல ஆயா, இப்ப ரிட்டயர்டு, பேரு பேபியம்மா, அறுபத்திரெண்டு வயசுல இன்னும் பேபிதான்னு அவளே சிரிச்சுக்கிட்டா. அப்புறம் மொட்டத்தலய ஒரு விரலால தடவுனா. "பேரனா?" "ஆமா." "மக வயித்துதா, மகன் வயித்துதா?" "மக." "பேரு என்ன வச்சிருக்கீங்க?" அதுக்கு ஆமான்னு சொல்ல முடியாதே. ஜன்னலுக்கு வெளியில ஜெயம் டயர்ஸ்னு ஒரு போர்டு போச்சு. "ஜெயக்குமார்." பேபியம்மா கொஞ்சம் யோசிச்சா. "இந்தக் காலத்துல யாரும்மா ஜெயக்குமார்னு வைக்கிறாங்க. எங்க வார்டுல கடைசி ஜெயக்குமார் பொறந்து பதினெட்டு வருஷம் ஆகுது. தாத்தா பேரோ?" "ஆமா." சும்மா சொல்லக் கூடாது, சொல்லச் சொல்ல நாக்குல கொஞ்சம் இனிச்சுச்சு. மக வயித்துது. அந்த ரெண்டு வார்த்தைய இதுக்கு முன்ன அவ யார்கிட்டயும் சொன்னதில்ல. அம்மாக்காரி வந்து வாங்கிக்கிறப்ப பேபியம்மா ஒரு மாதிரியா பாப்பா, பாக்கட்டும், எந்த ஊர்க்காரியோ, நாளைக்குப் பாக்கவா போறோம்.

டவுட்டன்ல பஸ் ரொம்ப நேரம் நின்னுச்சு. எறங்குற கூட்டம் ஜாஸ்தி. முன்வாசல்ல நிக்கிறவங்கள்லாம் கீழ எறங்கி வழி விட்டு, திரும்ப ஏறி, கண்டக்டர் "உள்ள போம்மா, நடுவுல கிரிக்கெட் ஆடலாம் போல காலியா கெடக்கு"ன்னு கத்தி, ரெண்டு விசில். வண்டி நகர்ந்தப்ப யாரோ பஸ் தகரத்துல பட பட பட்டுனு தட்டுனாங்க. அது தினம் கேக்குற சத்தம். தட்டாம கெளம்புன பஸ் எது. அவளும் கேட்டா, கேட்டுட்டு ஊக்குலேர்ந்து ஒரு விரல எடுத்து விட்டா. அதுக்கப்புறம் புரசைவாக்கம் வர்றதுக்குள்ளதான் அவளுக்குத் தோணுச்சு. இவ்ளோ நேரத்துக்கு அந்தப் பொண்ணு ஒரு தடவையாச்சும் எட்டிப் பாத்திருக்கணுமே. முட்ட குடுத்தவனே எட்டி எட்டிப் பாத்தான். திரும்பிப் பாத்தா. யாரத் தேடறது. மொகம் தெரியாது. செவப்பு வளையல் தெரியும். கம்பியப் புடிச்ச கைகளப் பாத்தா, மேல தொங்குற கையெல்லாம் வரிசையா, ஒண்ணுல வாட்சு, ஒண்ணுல சாமிக் கயிறு, ஒண்ணுல கண்ணாடி வளையல், பச்ச. செவப்பு இல்ல. அந்தக் கை மறு கையா இருக்கலாம், வளையல் இல்லாத கையா இருக்கலாம். புள்ளைய ஒரு சாண் மேல தூக்கிப் புடிச்சா, பெத்தவ பாத்தா சிரிப்பாள்ல. ஒருத்தரும் சிரிக்கல. ஒரு பையன் மட்டும் நாக்க நீட்டி விளையாட்டுக் காட்டுனான். "என்னம்மா தேடுற?" "ஒண்ணுமில்ல, காத்து வரல." ஜன்னலோரத்துல உக்காந்துக்கிட்டு காத்து வரலைங்கறா. ஒரு கொரல் குடுத்தா போதும், இந்தப் புள்ளையோட அம்மா எங்கன்னு. நாக்கு நுனியில நிக்குது. ஆனா பேபியம்மா பக்கத்துல உக்காந்திருக்காளே. மக வயித்துப் பேரன், ஜெயக்குமார், தாத்தா பேரு. இப்பப் போயி அம்மா யாருன்னு கேட்டா. கேட்டா என்ன. ஒண்ணும் ஆகாது, சிரிச்சுட்டுப் போயிருவாங்க. இல்ல, சிரிக்க மாட்டாங்க. சிரிக்க மாட்டாங்கன்னு அவளுக்கு நல்லாத் தெரியும், ஏன்னா அவளே சிரிக்கல.

அது நடந்து ஒரு மாசங்கூட ஆகல. அவங்க ஏரியா மார்க்கெட்டுல. அந்த வாரம் பூரா எல்லார் போன்லயும் ஒரு சேதி சுத்திக்கிட்டு இருந்துச்சு, புள்ள புடிக்கிற கூட்டம் எறங்கியிருக்கு, பொம்பளைங்கதான் வர்றாங்க, பிஸ்கெட் குடுப்பாங்கன்னு. யாரு அனுப்புனான்னு கேட்டா மச்சான் அனுப்புனாரு, மச்சானுக்கு யாருன்னா அவரோட ஓனரு. அன்னிக்கு நவநீதம் முருங்கக்காய் வாங்கிட்டு நிக்கிறா, கூட்டம் கூடியிருக்கு, நடுவுல ஒரு பொம்பள, டிரான்ஸ்பார்மர் கம்பி வேலியில துண்ட வச்சு கைய கட்டியிருக்காங்க. தல அவுந்து கெடக்கு. அவ பையக் கீழ கொட்டி ஒருத்தன் காலால கெளறுறான், சீப்பு, இலையில மடிச்ச இட்லி, ஒரு துண்டுச் சீட்டு, அவ்ளோதான். அவ என்னமோ சொல்றா, காதம்மா காதம்மாங்கறா, எல்லாரும் எந்தக் காதுடின்னு கேட்டுச் சிரிக்கிறாங்க. பூக்காரி நவநீதத்தத் திரும்பிப் பாத்துக் கேட்டா. "யக்கா, ரெண்டு நாளா இங்கயே சுத்திக்கிட்டு இருந்தாள்ல இவ?" நவநீதம் அவள அதுக்கு முன்ன பாத்ததே இல்ல. முருங்கக்காய் புடிச்ச கை வலிக்குது, பொழுது போவுது, வீட்டுக்குப் போகணும். "ஆமா"ன்னா. அவ்ளோதான். அதுக்குமேல ஒரு வார்த்த சொல்லல. பூக்காரி அந்தப் பக்கம் திரும்பி, "பாரு, இந்தக்காவே பாத்துருக்கு"ன்னா. அப்புறந்தான் மொத அடி விழுந்துச்சு. அதுக்கு முன்னயே விழுந்துருக்கலாம், நவநீதம் வர்றதுக்கு முன்னயே விழுந்துருக்கலாம், யாரு எண்ணுனா. போலீஸ் வந்து அழைச்சிட்டுப் போச்சு. தெலுங்குக்காரி, தம்பி எங்கயோ கல்லு அறுக்குற எடத்துல வேல பாக்குறானாம், அவன் வீட்டத் தேடி வந்தவ, சீட்டுல இருந்தது அந்த விலாசம். காதம்மான்னா இல்லம்மான்னு அர்த்தமாம். அத இவளுக்குச் சொன்னது டெய்லர் மாஸ்டர், அவரு குண்டூர் பக்கம். சொல்லிட்டு அவரு கத்திரிய எடுத்துத் துணி வெட்ட ஆரம்பிச்சுட்டாரு, இவ அன்னிக்குப் பூரா ஒரே சட்டைக்கு ஆறு பட்டன் கட்ட வேண்டிய எடத்துல ஏழு கட்டி வச்சிருந்தா.

கெல்லீஸ் வருது. கெல்லீஸ் வருது, அவ எறங்கணும். பட்டன் பை கால் இடுக்குல இருக்கு. புள்ளையோட எறங்குனா, எறங்கி ஸ்டாப்புல நின்னா, அம்மாக்காரி இதே பஸ்ல இருந்தா அவ புள்ளையத் தூக்கிட்டு எறங்கிட்டான்னு கத்துவா. புள்ளைய பேபியம்மா மடியில வச்சுட்டு எறங்குனா, பேரன ஏம்மா விட்டுட்டுப் போறன்னு கேப்பா. சீட்டுல வச்சுட்டு எறங்குனா. ச்சே. நேரா போலீஸ் ஸ்டேஷன். அங்க வரைக்கும் நடக்கணுமே, நூறடி, எரநூறு அடி, மொட்டத்தலப் புள்ளையத் தூக்கிட்டு, அது அழுதா, அழாம இருக்குமா, யாராச்சும் ஒருத்தர், ஒரே ஒருத்தர், இது யார் புள்ளன்னு கேட்டா. ஒருவேள அந்தப் பொண்ணு வேணும்னே விட்டுட்டுப் போயிட்டாளோ. ரயில்லேர்ந்து எறங்குனவ. அப்படிக் குடுத்துட்டுப் போறவங்க இல்லாமலா. அப்ப இது யாருக்கும் வேணாத புள்ளையா. அப்ப. அந்த அப்பங்கற எடத்துல அவ மனசு ஒரு நொடி நின்னுச்சு, நின்னதுக்கு அவளே பயந்து போயி வெளிய பாத்தா. போன் அடிக்குது, மாஸ்டரா இருக்கும், எடுக்கணும்னா புள்ளைய விட்டு ஒரு கைய எடுக்கணும், எடுக்கல. வண்டி நின்னுச்சு. கண்டக்டர் "கெல்லீஸ், கெல்லீஸ்"ங்கறாரு, இருபத்திரெண்டு வருஷமா அந்தச் சத்தம் கேட்டா அவ காலு தானா எழுந்துக்கும், இன்னிக்கும் முட்டி ரெண்டும் நிமிந்துச்சு, புள்ளையோட கனம் அத உக்கார வச்சுருச்சு. ஏறுறவங்களப் பாத்தா, ஒருத்தியாச்சும் ஓடி வந்து ஏறுறாளான்னு. மீன் கூடையோட ஒருத்தி, பேங்க் பொண்ணு ஒருத்தி. ரெண்டு விசில். வண்டி போயிருச்சு, அவ டெய்லர் கட இருக்கிற சந்து போயிருச்சு. "எங்க எறங்கணும் நீ?"ன்னா பேபியம்மா. "வில்லிவாக்கம்." இது அவ கேட்டுச் சொன்ன ஆமாகூட இல்ல, இவளாச் சொன்ன பொய். இனி எத்தன சொல்லணுமோ.

அயனாவரத்துக்கு முன்ன மெட்ரோ வேலைக்காக ரோட்டுல பாதிய தகரம் வச்சு மறிச்சிருக்காங்க, பஸ்ஸு ஒரு அடி போகும் நிக்கும், ஒரு அடி போகும் நிக்கும். வெயில் தகரத்துல பட்டு உள்ள அடிக்குது. அங்கதான் தொட நனைஞ்சுச்சு. மொதல்ல சூடு, அப்புறம் குளுந்து, அப்புறம் புடவை பூரா. புள்ள அப்பத்தான் மொதத் தடவையா அழுதுச்சு, அழுகைன்னா சும்மா இல்ல, டிரைவர் கண்ணாடியில பாத்தாரு. "குடு இப்படி, குடு, நீ என்ன புள்ள வளத்த, ஈரத்தோட வச்சுக்கிட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டு இருக்க"ன்னு பேபியம்மா வாங்கிட்டா. குடுக்க மாட்டேன்னு சொல்றதுக்குள்ள வாங்கிட்டா. அவளோட கை பழகுன கை, ஒரு கையால ரெண்டு காலையும் சேத்துத் தூக்கி, மறு கையால ஜட்டிய உருவி, தன் கைக்குட்டைய எடுத்தவ அப்படியே நின்னா. திரும்பி நவநீதத்தப் பாத்தா. மறுபடி புள்ளையப் பாத்தா. இருபது வருஷமா அந்த ஒரு சேதியத்தான வாசல்ல நிக்கிறவங்களுக்குப் போய்ச் சொல்லியிருப்பா. "யம்மா, இது பொட்டப்புள்ள." மெதுவாத்தான் சொன்னா. ஆனா பஸ்ஸு நின்னுக்கிட்டு இருந்துச்சு, இஞ்சின் அணைச்சிருந்துச்சு, எல்லாருக்கும் கேட்டுச்சு. "பேரன்னு சொன்ன. ஜெயக்குமார்னு சொன்ன." பின்னாடி சீட்டுலேர்ந்து ஒருத்தன் "பாட்டிக்குக் கண்ணு தெரியலபோல"ன்னு சிரிச்சான், அவன் மட்டுந்தான் சிரிச்சான். மீன் கூடைக்காரி கூடைய நகத்தி வச்சா. யாரோ, யாருன்னு தெரியாது, பொம்பளக் கொரலுதான், "புள்ள புடிக்கிறவளா இருக்கப் போறா, போன்ல வந்துச்சே"ன்னா. அந்தச் சொல்லு ஒரு சீட்டுலேர்ந்து அடுத்த சீட்டுக்குப் போறத நவநீதம் பாத்தா. டிக்கெட்டுக்குச் சில்லற கை மாறிக் கை மாறிக் கண்டக்டர்கிட்ட போற மாதிரி போச்சு, ஒருத்தர்கூட அத கீழ போடல. கழுத்துல அடையாள அட்ட தொங்குற ஒரு ஆளு போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான், அதோட கண்ணு அவளையே பாக்குது.

கண்டக்டர் கூட்டத்தப் பொளந்துக்கிட்டு வந்தாரு. நல்ல மனுஷன்தான், ஆனா அவரும் வேர்த்துப் போயிருந்தாரு. "இன்னாம்மா இது. ஒன் பேரப்புள்ளையா இல்லையா. ஒரே வார்த்தையில சொல்லு." ஆமான்னு சொல்லிட்டா இந்த எடத்தத் தாண்டிறலாம், மொட்டத்தலைக்கு ஆம்பளச் சட்ட, அதான் தடுமாறிட்டேன், பேரு ஜெயக்குமாரி, கிழவி வாய் கொழறுதுன்னு சிரிச்சு வச்சா விட்டுருவாங்க, வில்லிவாக்கத்துல எறங்கி, எறங்கி எங்க. இல்லைன்னு சொன்னா. கையக் கட்ட ஒரு துண்டு போதும். துண்டு யார் தோள்லயாச்சும் இருக்கான்னு பாத்தா, இருந்துச்சு, பின்வாசல்கிட்ட ஒருத்தர் தோள்ல, பச்சக் கட்டம். "இல்லைங்க"ன்னா. எவ்ளோ நாளா சொல்லாத வார்த்தைன்னு அதோட கரகரப்புலயே தெரிஞ்சுச்சு. "என் பேரப்புள்ள இல்ல. சென்ட்ரல்ல ஒரு பொண்ணு புடிச்சுக்கச் சொல்லிக் குடுத்துச்சு. மொகம் பாக்கல. இந்த பஸ்ல இருக்குன்னுதான் நெனச்சேன்." "அப்ப ஆமான்னியே எங்கிட்ட"ன்னா பேபியம்மா. "வாய் தவறிருச்சு." "வாய் தவறி ஒருத்தி பேரு வைப்பாளா"ன்னு அட்டக்காரன் போனுக்குப் பின்னாலேர்ந்து கேட்டான், "கெல்லீஸ்ல எறங்கி ஓடப் பாத்துருப்பா, கூட்டத்துல முடியல." அதக் கேட்டதும் அவளுக்குள்ள என்னமோ ஒண்ணு நிமிந்துச்சு. "கெல்லீஸ்தாய்யா என் ஸ்டாப்பு. காஜா எடுக்குறவ நான், கட அங்கதான் இருக்கு. புள்ள மடியில இருக்குன்னுதான் எறங்கல." கால் இடுக்குலேர்ந்து பையத் தூக்கிக் காட்டுனா, பட்டன் அட்டைங்க, நூல் கண்டு. யாருக்கும் அது சாட்சியாப் படல. பட்டன் வச்சிருந்தா புள்ள புடிக்கக் கூடாதா. பேபியம்மா புள்ளையத் தன் தோள்ல சாச்சுக்கிட்டு, மறு கையால நவநீதத்தோட தோளப் புடிச்சா. நல்லா கனமான கை. விடாம புடிச்சிருக்காளா, விழாம புடிச்சிருக்காளா, அவளுக்குப் புரியல. கேக்கவும் பயம். "வண்டி இங்கதான் நிக்கப் போவுது, எவனும் கை வைக்காதீங்க, டவுட்டன்ல நான் விசில் அடிச்சப்ப எதோ தட்டுன சத்தம் கேட்டேன்"ன்னாரு கண்டக்டர், பாதி தனக்குத்தானே.

அப்பத்தான் பின்னாலேர்ந்து ஒரு ஆட்டோ, தகரத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல இருக்கிற சந்துல, ஆரன விடாம அடிச்சுக்கிட்டு வந்துச்சு. வர்ற வழியில வழி விடாத ஒவ்வொருத்தனையும் அந்த ஆட்டோக்காரர் வஞ்சுக்கிட்டே வந்துருக்காரு, தொண்ட கட்டியிருந்துச்சு. அது நிக்கிறதுக்கு முன்ன ஒரு பொண்ணு குதிச்சா, குதிச்ச வேகத்துல ஒரு செருப்பு கழண்டு பின்னால போச்சு. இருபத்தி மூணு, நாலு வயசு இருக்கும், ஒரு கால்ல செருப்பு, ஒரு கால் வெறுங்கால், வெறுங்கால வெயில் தாருல வச்ச ஒடனே துள்ளித் துள்ளி வந்தா. இடுப்புல ஒரு பை. படிக்கட்டுல ஏறுனப்ப கம்பியப் புடிச்ச கையில செவப்பு வளையல். நவநீதம் அந்த வளையலப் பாத்தா, மொகத்த அப்புறந்தான் பாத்தா. இந்த மொகமான்னு இருந்துச்சு, இதத்தான் இவ்ளோ நேரம் தேடுனமான்னு. அந்தப் பொண்ணு பேபியம்மா தோள்லேர்ந்து புள்ளையப் பிடுங்குச்சு, பிடுங்கி, கொலுசு இருக்கா, அரைஞாண் இருக்கா, காது, விரலு, பத்து விரலையும் தொட்டுத் தொட்டுப் பாத்துச்சு. பாக்கட்டும். யாரா இருந்தாலும் பாக்கத்தான் செய்வா. நவநீதத்துக்கு அது சுட்டுச்சு, சுட்டாலும் சரின்னுதான் தோணுச்சு. "யாழினி, யாழினிக்குட்டி"ன்னு அதுக்கப்புறந்தான் கொரலே வந்துச்சு. டவுட்டன்ல வாசல்ல நின்னாளாம், எறங்குறவங்களுக்கு வழி விடக் கீழ எறங்குனாளாம், ஏறுறதுக்குள்ள விசிலு, தட்டித் தட்டிப் பாத்து, பின்னாடியே ஓடி, அப்புறந்தான் ஆட்டோ. "எந்தப் பொம்பளகிட்ட குடுத்தன்னு தெரியுமா ஒனக்கு"ன்னு அட்டக்காரன் கேட்டான், போன அவ பக்கம் திருப்பி. "தெரியாம குடுப்பனா"ன்னு அந்தப் பொண்ணு சீறுச்சு. "ஏறுன ஒடனே ஒவ்வொரு சீட்டாப் பாத்துட்டுத்தான் வந்தேன். இந்த அக்கா கழுத்துல ஊக்கு தொங்குச்சு. வேலைக்குப் போற பொம்பளன்னு தெரிஞ்சுச்சு. அதான் குடுத்தேன்." பேபியம்மாவோட கை தோள்லேர்ந்து எறங்கல, ஆனா இப்ப கனம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சு. தன்ன ஒருத்தி சீட்டு சீட்டாப் பாத்து எடுத்திருக்கா, தான் அவ மொகத்தக்கூட நிமிந்து பாக்கல. கூட்டம் தளந்துச்சு, மீன் கூடை பழைய எடத்துக்குப் போச்சு, "ஜெயக்குமார் யாழினி ஆயிட்டாரு, வண்டிய எடுங்கப்பா"ன்னு பின் சீட்டுக்காரன் சொன்னான், அதுக்கு நெறைய பேரு சிரிச்சாங்க, அந்தச் சிரிப்பு அவளுக்குப் புடிக்கல, இவ்ளோ சீக்கிரமா சிரிக்க முடியுதேன்னு. டிரைவர் இஞ்சினப் போட்டாரு. புள்ள அம்மா தோள்ல மொகத்தத் தேச்சுச்சு. அந்தப் பொண்ணு நிக்க முடியாம வெறுங்கால மடக்கித் தூக்கி மறு கால்ல நின்னுக்கிட்டு இருக்கிறத நவநீதம் அப்பத்தான் பாத்தா, உள்ளங்கால் செவந்து போயிருக்கு. நகந்து ஜன்னலோரமா ஒட்டி உக்காந்து எடம் விட்டா, பேபியம்மாவும் எழுந்து நின்னா. அந்தப் பொண்ணு வந்து உக்காந்துச்சு. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா, ஆட்டோவுக்குப் பின்னால, வர்ற வண்டிங்க எல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போற எடத்துல, ஒத்தச் செருப்பு ஒண்ணு கவுந்து கெடக்கு. அட்டக்காரன் படிக்கட்டுல எறங்கி நின்னு போன்ல எடுத்தத ஓட விட்டுப் பாத்துக்கிட்டு இருக்கான். நவநீதம் கம்பியப் புடிச்சுக்கிட்டுத் தலைய வெளிய நீட்டுனா. "ஏம்பா, ஒன்னத்தான். அந்த போன பையில போட்டுட்டு, அந்தா கெடக்கு பாரு இந்தப் பொண்ணு செருப்பு, அத எடுத்து உள்ள கொண்டா. கண்டக்டர் விசில் அடிக்க மாட்டாரு, நீ போய் எடுத்துட்டு வா."